நோயும் நாளும்

உடலெடுத்தார் யாவர்க்கும் நோய் வருதல் இயல்பு. வந்த நோயை மறைத்து அழிதலும், அதனை அறிந்து மருந்துண்டு வாழ்தலும் பெரும்பாலும் நம் கையில் உள்ளன. இவ்வுண்மையை முப்பத்திரண்டு ஆண்டுகள் மாணவர்க்கு நூல் வாயிலாக உரைத்தேன். அதனை என் உடம்பின் வாயிலாகக் கற்கும் காலம் அறுபத்து நான்காம் வயதில் எனக்கு வாய்த்தது.

ஒரு நாள் என் இடப்பக்க மார்பில் சுண்டைக்காய் அளவினதாய் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டது. வலி சிறிதும் இல்லை. பலர் வாளா இருந்துவிடுவதற்கு இவ்வலியின்மையே காரணம். அன்றே என் மருமகளிடம் கூறினேன். மறுநாட் காலை இருவரும் திருவரங்கத்தில் பேருந்தேறிக் காவிரிப் பாலத்தைக் கடந்து, திருச்சிராப்பள்ளியில் உள்ள ஒரு மருத்துவமனையை அடைந்தோம். மருத்துவர் படம் எடுப்பித்தார். ஊசியால் கட்டியினின்று சிறு துணுக்கு எடுத்து ஆய்வித்தார். மார்பகப் புற்று என்பது உறுதியாயிற்று.

நாம் இந்நோயைப் புற்று என்கிறோம். பண்டைக் கிரேக்கர் நண்டு என்னும் பொருள்படும் சொல்லால் இதனை வழங்கினர். இரு பெயரும் கேட்போர்க்கு அச்சம் தருவன. ஆயினும் அப்பெயர்கள் எழுந்த காலத்தில் இல்லாத மருந்துகள் இன்று உள்ளன. காலத்தே கண்டால் இந்நோயினின்று பிழைத்து வாழ்வோர் மிகப் பலர்.

முதலில் அறுவை நடந்தது. பின்னர் மூன்று வாரத்திற்கு ஒருமுறையாக ஆறு முறை, கீமோ என்று மக்கள் வழங்கும் மருந்தை நரம்பின் வழியே செலுத்தினர். விரைந்து பெருகும் உயிரணுக்களை அம்மருந்து தாக்கும். புற்றணுக்கள் அத்தகையன, மயிர்க்காலும், வாயின் உட்புறமும், குருதியின் வெள்ளணுக்களை ஆக்கும் எலும்பு மச்சையும் அத்தகையனவே. ஆதலின் என் தலைமயிர் உதிர்ந்தது, வாய் புண்பட்டது, நோய்க்கிருமிகளை எதிர்க்கும் ஆற்றல் குறைந்தது. வைகுண்ட ஏகாதசியன்று ஊரே திரண்டு கோயிலுக்குச் செல்ல, யான் வீட்டிலிருந்தபடியே மக்களின் ஆரவாரத்தைக் கேட்டேன்.

இரண்டாம் முறைக்குப் பின் பத்தாம் நாள் இரவு காய்ச்சல் கண்டது. வெப்பமானி நூறு பாகைக்கு மேல் காட்டியது. வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் காலத்தில் காய்ச்சலை விடியும்வரை வைத்திருத்தல் உயிர்க்கே கேடு என மருத்துவர் முன்னரே அறிவுறுத்தியிருந்தார். நள்ளிரவிலேயே என் மகன் ஆட்டோவில் அழைத்துச் சென்றான். நான்கு நாட்கள் மருந்தேற்றிய பின்னரே வீடு திரும்பினேன். அந்த எச்சரிக்கையே என்னைக் காத்தது.

அறுவை நடந்த பக்கத்துக் கை வீங்காதிருக்கவும் விறைக்காதிருக்கவும் பயிற்சி வேண்டும். சுவரில் விரல்களை மெல்ல மெல்ல மேலே நடத்துவேன். எட்டிய இடத்தில் சுண்ணக்கட்டியால் கோடிடுவேன். கோடுகள் ஏணிப்படிபோல் உயர்ந்தன. முடிந்த நாளில் வாசலில் கோலமிட்டேன். முடியாத நாளில் மருமகள் இட்டாள். குழைந்த பருப்புச் சோறும் தயிர்ச் சோறுமே அந்நாட்களில் எனக்கு உணவாயின. இறுதியில், ஊரார் ‘கரண்டு வைத்தல்’ என்று கூறும் கதிர்வீச்சு மூன்று வாரம் நடந்தது. இன்று ஒரு மாத்திரையை நாள்தோறும் விழுங்கி வருகிறேன். ஐந்தாண்டு விழுங்க வேண்டும்.

காண வந்தோர் பலதிறத்தர். ஒருவர் அழுதார். ஒருவர் முன்வினை என்றார். ஒருவர் எங்கள் வீட்டு மோரைப் பருகவும் அஞ்சினார். புற்றுநோய் தொட்டால் ஒட்டுவதன்று. இவர்களினும் எனக்கு ஆறுதல் அளித்தவள், மாலைதோறும் தமிழ் படிக்க வரும் அடுத்த வீட்டுச் சிறுமியே. என் தலையைக் கண்டு, “முடி மறுபடியும் முளைக்குமா, பாட்டி?” என்றாள். “முளைக்கும்,” என்றேன். “சரி,” என்று புத்தகத்தை விரித்தாள். வாய்ப்புண்ணால் பேச இயலாத நாட்களில் அவள் உரக்கப் படித்தாள். பிழை நேர்ந்த இடத்தில் யான் திண்ணையைத் தட்டினேன். அவள் தானே திருத்திக்கொண்டாள்.

முற்காலத்தில் இந்நோயைப் பெண்கள் கூச்சத்தால் மறைத்தனர். என் பெரியம்மாவும் மறைத்தே மாண்டார். திருச்சிக்குத் தெற்கே புதுக்கோட்டையில் 1886-ஆம் ஆண்டு பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அத்துயரை அவர் தொண்டாக மாற்றினார். 1954-இல் சென்னை அடையாற்றில் பன்னிரண்டு படுக்கைகளுடன் புற்றுநோய் மருத்துவ நிலையம் தொடங்கியது. மறு ஆண்டில் அங்கே பணியேற்ற டாக்டர் சாந்தா அம்மையார், 2021-இல் மறையும்வரை நோயாளிகட்கே வாழ்ந்தார்.

மாணவர்களே! உங்கள் இல்லத்துப் பெண்டிர் உடலில் கட்டியோ மாற்றமோ கண்டதாகக் கூறின், நாளை என்னாது மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். கூசத்தக்கது நோயன்று. நோயுற்றாரைக் கண்டால் இரங்கி விலகாதீர். அருகமர்ந்து நேற்றுப் பேசியது போலவே இன்றும் பேசுங்கள். மருந்து உடலைக் காக்கும். அன்றாட வாழ்வில் அவர்க்குரிய இடத்தை அவர்க்கே விட்டுவைத்தல் உள்ளத்தைக் காக்கும்.