உச்சியில் ஒரு சாளரம்

எழுபத்திரண்டு வயதைக் கடந்தவன் நான். பத்தாண்டுகளாக என் வலக்கை நடுங்குகின்றது. தேநீர்க் கோப்பையைத் தூக்கினால் பாதி தட்டிலே சிந்தும். கையொப்பமிட்டால் மறுபடியும் இடச் சொல்வார்கள். இது பார்க்கின்சன் நோயன்று, உயிருக்கு ஆபத்துமில்லை என்று வைத்தியர்கள் கூறியபின், நடுக்கத்தோடு வாழப் பழகிக்கொண்டேன். சென்ற ஆண்டு என் மகளுக்கு ஏழாம் மாதத்திலேயே பிள்ளை பிறந்தபோதுதான் இந்தக் கையை எண்ணி முதன்முறையாக மனம் நொந்தேன். 1,400 கிராமும் நிறையாத சிசுவை இந்தக் கையால் எப்படி ஏந்துவது?

அதனினும் பெரிய கவலையொன்று முந்திக்கொண்டது. குறைமாதக் குழந்தைகளின் மூளையிலுள்ள இரத்தக் குழாய்கள் மிக மெல்லியவை. பிறந்த முதற் சில நாட்களில் அவை வெடித்துக் குருதி கசிவதுண்டு. அதை அறிய ஸ்கான் செய்ய வேண்டும் என்றார் டாக்டர். கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த குழந்தையை அவர்கள் எங்கும் கொண்டுசெல்லவில்லை. கருவியை அருகே உருட்டி வந்து, அதன் முனையைக் குழந்தையின் உச்சிக்குழியின்மேல் மெல்ல வைத்தார்கள். மூளையின் மடிப்புகளும் நடுவிலுள்ள நீரறைகளும் திரையிலே சாம்பல் நிறத்தில் தோன்றின. நான் மூச்சடக்கி நின்றேன். "கசிவு ஒன்றும் இல்லை" என்றார் டாக்டர்.

நெஞ்சு இலேசானதும் அவரிடம் கேட்டேன்: "இதே கருவியை வைத்து என்னுடைய மூளையையும் பார்க்கலாமோ?"

அவர் சிரித்தார். "உங்கள் கதவு மூடி எழுபது வருடமாயிற்றே, மாஸ்டர்!"

பின்னர் அவர் விளக்கியதையும், நான் தேடிப் படித்ததையும் இங்கே சொல்கிறேன். நம் காதுக்கு எட்டாத கழியொலியை உடலுக்குள் அனுப்பி, திரும்பிவரும் எதிரொலியைக் கொண்டு படம் வரைவதே இந்த ஸ்கான். மென்தசையிலும் மூளையிலும் ஒலி செக்கனுக்குச் சுமார் 1,500 மீற்றர் வேகத்தில் செல்கிறது. மண்டையோட்டிலோ 2,500 மீற்றருக்கும் மேல். வேகம் திடீரென மாறும் எல்லையில் ஒலியின் ஒரு பகுதி திரும்பிவிடும், எஞ்சியது வளையும். மேலும், மண்டையோடு ஒரே தகடன்று. இரு வன்மையான தகடுகளுக்கிடையே கடற்பஞ்சு போன்ற எலும்பு இருக்கிறது. அது ஒலியைச் சிதறடிக்கும், விழுங்கும், விழுங்கிச் சூடேறும். தடிப்பும் இடத்துக்கிடம் வேறுபடும். தேர்வடம் பிடிப்போர் ஒரே மூச்சில் இழுத்தாலன்றோ தேர் நகரும்? ஆளுக்கொரு நேரம் இழுத்தால் வடந்தான் தளரும். எலும்பைக் கடந்த ஒலியலைகளின் கதியும் அதுவே.

1942ஆம் ஆண்டில் ஒஸ்திரிய வைத்தியர் கார்ல் டுசிக் ஒலியைத் தலையினூடே செலுத்தி, மூளையின் நீரறைகளைப் படம்பிடித்ததாக அறிவித்தார். அந்தப் படங்களில் இருந்தது பெரும்பாலும் மண்டையோட்டின் சாயலே என்பது 1950களில் தெரியவந்தது. வீட்டுக்குள் எட்டிப்பார்க்கப் போனவர் மதிலை வரைந்துவிட்டார்!

அந்த மதிலையும் இன்று வென்றிருக்கிறார்கள். என்னுடையதைப் போன்ற நடுக்கத்துக்குக் குவித்த கழியொலியால் சிகிச்சையளிக்க 2016இல் அமெரிக்கா அனுமதி வழங்கியது. தலையை மழித்து, 1,024 ஒலிமுனைகள் பதித்த தலைக்கவசத்தை மாட்டுகிறார்கள். சி.ரி. ஸ்கான் மூலம் நோயாளியின் எலும்பை முன்கூட்டியே அளந்து, ஒவ்வொரு முனையின் அலையையும் சற்று முந்தியோ பிந்தியோ புறப்படச் செய்கிறார்கள். ஆயிரம் பேரும் ஒரே கணத்தில் வடம் இழுப்பதுபோல, மூளையின் ஆழத்தில் சில மில்லிமீற்றர் இடத்தில் மட்டும் சூடு குவிந்து, நடுக்கத்தைத் தூண்டும் பாதையை அறுக்கிறது. எலும்பு சூடேறாதிருக்கத் தலையைச் சுற்றிக் குளிர்நீர் ஓடும். ஆனாலும் எல்லோருடைய மண்டையோடும் இதற்கு இடங்கொடுப்பதில்லை. என்னுடையது இடங்கொடுக்குமோ என்று அளந்து பார்க்க நான் புறப்படவில்லை.

பிள்ளை வீட்டுக்கு வந்த அன்று, "அப்பா, பேரனைத் தூக்குங்கோ" என்றாள் மகள். கை நடுங்குமே என்று தயங்கினேன். "அவனுக்கு அது தாலாட்டு" என்று சொல்லி, என் மடியிலே கிடத்திவிட்டாள். நடுங்கும் விரல்கள் அவன் உச்சியைத் தொட்டன. எலும்பில்லாத அந்தச் சிறு பள்ளத்தில் உயிர் மெல்லத் துடித்துக்கொண்டிருந்தது.

இப்போது அவனுக்கு வயது ஒன்றைத் தாண்டிவிட்டது. எண்ணெய் வைக்கும்போது பாட்டி தடவிப் பார்த்து, பள்ளம் சுருங்கி வருகிறது என்கிறாள். கதவு மூடும் காலம் நெருங்குகிறது. மூடட்டும். உள்ளே இருப்பவன் நலமாக இருக்கிறான் என்பதை நாம் பார்த்துவிட்டோம்.