கடைசி ரவுண்டில் யார் பேரு?

டிராஃப்ட்னா என்னன்னு இன்ஜினியரிங் பிள்ளைகளுக்கு விளக்க ரொம்ப நேரம் ஆகாது. டி.என்.இ.ஏ. கவுன்சலிங்கை அப்படியே தலைகீழா திருப்பிப் போடுங்க, அதுதான் டிராஃப்ட். கவுன்சலிங்கில் 200-க்கு 199 கட்-ஆஃப் வச்சிருக்கவன் முதல்ல போய் காலேஜை எடுப்பான். கடைசி ரவுண்டுக்காரனுக்கு மிச்சம் மீதி. டிராஃப்டில் தேர்ந்தெடுக்கிறது அணி. போன வருஷம் கடைசி இடத்தில் வந்த அணிக்குத்தான் முதல் வாய்ப்பு. ஆட்டக்காரனுக்கு சாய்ஸ் ஃபில்லிங் எல்லாம் கிடையாது. எந்த ஊர் கூப்பிடுதோ அந்த ஊருக்குப் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

அமெரிக்காவின் என்.எஃப்.எல்.லில் (அவங்க ஃபுட்பாலைக் கையால ஆடுவாங்க, அது வேற பஞ்சாயத்து) இது ஒரு திருவிழா. 32 அணி, 7 ரவுண்டு. எந்த அணி யாரை எடுக்கும்னு ரசிகர்கள் மாசக்கணக்கா உட்கார்ந்து லிஸ்ட் போடுவாங்க. 2000-ஆம் வருஷ டிராஃப்டில் டாம் பிராடி 6-வது ரவுண்டில், 199-வது ஆளா எடுக்கப்பட்டார். அப்புறம் ஏழு சூப்பர் பவுல் ஜெயிச்சார். அவரை விட்டுட்டு வேற ஆளை எடுத்த அணிகளின் ரசிகர்கள் இன்னும் அதைச் சொல்லிப் புலம்புறாங்க.

நம்ம ஊர் ஐ.எஸ்.எல்.லிலும் டிராஃப்ட் இருந்தது. பெருசா நடந்த கடைசி டிராஃப்ட் 2017 ஜூலை 23, மும்பையில். 200-க்கும் மேற்பட்ட இந்திய ஆட்டக்காரர்கள் பட்டியலில் இருந்தாங்க. ஒவ்வொருத்தர் பேருக்கு நேரா விலையும் முன்கூட்டியே போட்டிருந்தது. புது அணியான ஜாம்ஷெட்பூர் முதல்ல கூப்பிட்ட பேரு அனஸ் எடத்தொடிக்கா, விலை 1.10 கோடி. மலப்புறம் மாவட்டம் கொண்டோட்டிக்காரர். சின்ன வயசில் ஆட்டோ ஓட்டின மனுஷன்.

நான் சென்னையின் எஃப்.சி. ரசிகன். குமரி மாவட்டத்தில் அப்படிச் சொன்னா ஒரு மாதிரி பார்ப்பாங்க. ஸ்டேடியம் இருக்கிற சென்னை 700 கிலோமீட்டர் தாண்டி. கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து போகணும். கொச்சி அதில் பாதி தூரம்கூட இல்லை. அதனால எங்க ஹாஸ்டலில் பாதிப் பேர் மஞ்சள் சட்டை, பிளாஸ்டர்ஸ் ஆளுங்க. பரவாயில்ல. அவங்க இன்னும் ஒரு தடவைகூட ஐ.எஸ்.எல். கோப்பையைத் தூக்கலை. நாங்க 2015-லயும் 2018-லயும் தூக்கியாச்சு.

இப்போ 2025 ஆகஸ்ட். ஐ.எஸ்.எல். நடத்தும் எஃப்.எஸ்.டி.எல்.லுக்கும் ஏ.ஐ.எஃப்.எஃப்.புக்கும் இடையிலான ஒப்பந்தம் டிசம்பரில் முடியுது. அடுத்தது என்னன்னு முடிவாகாததால் ஜூலையிலேயே சீசனை நிறுத்தி வச்சுட்டாங்க. இந்த மாசத் தொடக்கத்தில் சென்னையின் எஃப்.சி.யும் தன் வேலைகளை நிறுத்தி வச்சிருக்கு. லீக்கே இல்லாதப்போ டிராஃப்ட் கணிப்பு எதுக்குடேன்னு கேக்கலாம். எனக்கு ஒரு கணக்கு இருக்கு. லீக் திரும்ப வரும்போது எல்லா அணியும் செலவைக் குறைக்கத்தான் பார்க்கும். விலை போட்டுப் பட்டியல் வச்சு எடுக்கிற டிராஃப்ட், ஆளாளுக்கு ஏலம் கூட்டுறதை விட மலிவு. அதனால டிராஃப்ட் திரும்ப வர வாய்ப்பு இருக்குன்னு நினைக்கிறேன். வந்தால் சென்னையின் என்ன செய்யும்? இதோ என் லிஸ்ட்.

முதல்ல வரிசை. 2024-25 சீசனில் 13 அணிகளில் நாங்க 11-வது. அமெரிக்க முறைப்படி கடைசியிலிருந்து எண்ணினால் முகமதன், ஹைதராபாத், அடுத்தது நாங்க. மூணாவது வாய்ப்பு. கேவலமா ஆடினதுக்குக் கிடைக்கிற ஒரே பிரயோஜனம் இதுதான்.

அடுத்து இடங்களின் கணக்கு. ஐ.எஸ்.எல். தொடங்கின காலத்தில் களத்தில் ஆறு வெளிநாட்டுக்காரர்கள் வரை ஆடலாம். இந்தியர்களுக்கு ஐந்து இடம்தான். 2017-18-ல் வெளிநாட்டு எண்ணிக்கை ஐந்தாச்சு, 2021-22-ல் நாலாச்சு. ஆக இன்னைக்கு களத்தில் குறைஞ்சது ஏழு பேர் இந்தியர்கள். கோப்பையைத் தீர்மானிக்கப் போறது அந்த ஏழு பேர்தான். கோச்சுகள் நாலு வெளிநாட்டு இடத்தைப் பெரும்பாலும் நடுக்களத்துக்கும் கோல் அடிக்கவும் வச்சுக்குவாங்க. மிச்ச ஓட்டை எல்லாம் பின்னாடி.

முதல் ரவுண்டு: சென்டர் பேக். 2018 மார்ச் 17, பெங்களூருவில் பெங்களூருவுக்கு எதிரான ஃபைனல் ஞாபகம் இருக்கா? 3-2. அதில் ரெண்டு கோல் அடிச்சது மெய்ல்சன் ஆல்வ்ஸ், பிரேசில்காரர், சென்டர் பேக். ரெண்டும் தலையால. பின்னாடி நிக்கிற ஆள் கோல் விடாம காக்கிறதோட கார்னரில் போய் அடிக்கவும் செய்வார். அந்த மாதிரி இந்திய சென்டர் பேக் கையளவுதான் இருக்காங்க. அதனால மூணாவது வாய்ப்பு அங்கேதான் போகும்னு நூற்றுக்குத் தொண்ணூறு நம்பிக்கை.

ரெண்டாவது ரவுண்டு: கோல்கீப்பர். கோல்கீப்பர் கிளாமர் இல்லாத வேலை, லேப் அசிஸ்டென்ட் மாதிரி. எல்லாம் சரியா நடந்தா யாரும் பேரைக் கேக்க மாட்டாங்க. ஆனா நல்ல ஒருத்தர் கிடைச்சா ஏழெட்டு வருஷம் கவலையில்லை. 2017 டிராஃப்டுக்கு முன்னாடி சென்னையின் தக்கவச்ச ரெண்டு சீனியர்களில் ஒருத்தர் ஜேஜே, இன்னொருத்தர் கோல்கீப்பர் கரண்ஜித் சிங். அந்த சீசன் கோப்பை வந்தது.

மூணாவது ரவுண்டு: நடுக்களம். அனிருத் தாபா 2023-ல் மோகன் பகானுக்குப் போனதிலிருந்து இந்த இடம் காலி வீடு மாதிரிதான் இருக்கு. இங்கே ஒரு பழைய கதை சொல்லணும். 2017 டிராஃப்டில் சென்னையின் எடுத்தவங்களில் ஒருத்தர் தனபால் கணேஷ், வியாசர்பாடிக்காரர். 2018 மார்ச்சில் கோவாவுக்கு எதிரான அரையிறுதி, சென்னையில், 3-0. ஜேஜே ரெண்டு, தனபால் ஒண்ணு. டிராஃப்டில் எடுத்த உள்ளூர்ப் பையன், உள்ளூர் மைதானத்தில், ஃபைனலுக்குக் கூட்டிட்டுப் போற ஆட்டத்தில் கோல் அடிச்சது அந்த ஒரு தடவைதான்.

நாலாவது ரவுண்டு: ஓரத்து ஆள், விங்கர். இங்கே என் ஆசையும் கணிப்பும் வேற வேற. வியாசர்பாடி நந்தகுமார் சேகர் 2017-ல் டெல்லி டைனமோஸுக்குப் போனார். 2023-ல் ஈஸ்ட் பெங்காலுக்காக டூரண்ட் கோப்பை டெர்பியில் மோகன் பகானுக்கு எதிரா அடிச்ச ஒரே கோல் அவருடையது. சிவகங்கை மாவட்டம் கண்டனூர் சிவசக்தி நாராயணன் பெங்களூரு சட்டையில் 2022-23-ன் சிறந்த வளரும் வீரர். ரெண்டு பேரும் தமிழ்நாட்டுக்காரங்க, ரெண்டு பேரையும் வளர விட்டு ரசிச்சது வேற ஊர். என் ஆசை, தமிழ்நாட்டுப் பையன். என் கணிப்பு, மிசோரமோ மணிப்பூரோ. அங்கே பையன்கள் சின்ன வயசிலிருந்தே அகாடமியில் இருக்காங்க, ஆட்டமெல்லாம் பதிவாகுது, கோச் கண்ணுக்கு எட்டுற தூரத்தில் இருக்காங்க.

ஸ்ட்ரைக்கர்? எடுக்க மாட்டாங்க. எடுக்க ஆள் இருந்தா 2024 ஜூனில் ஓய்வு பெற்ற சுனில் சேத்ரி 2025 மார்ச்சில் திரும்ப வந்திருக்க மாட்டார்.

இனி கடைசி ரவுண்டு. இதுக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, நீரோடி. நம்ம மாவட்டத்தின் மேற்குக் கடற்கரை. ஆழ்கடலுக்குப் போய் நாள்கணக்கா தங்கி சுறா பிடிக்கிற ஊர்கள். சாயங்காலம் அந்தப் பக்கம் போனா மணலில் பந்து உருளாத இடம் இருக்காது. மணலில் ஓடி வளர்ந்த கால், புல்லுத் தரையில் விட்டா நிக்காது. அந்தக் கடற்கரையிலிருந்து வந்தவர் மைக்கேல் சூசைராஜ். அவர் அண்ணன் தம்பி ரெண்டு பேருமே சென்னை சிட்டிக்கு ஆடினாங்க. 2017 டிராஃப்டில் சூசைராஜை எந்த அணியும் எடுக்கலை. அந்த சீசன் அவர் சென்னை சிட்டிக்காக ஐ-லீக் ஆடினார். அதைப் பார்த்துட்டு 2018-ல் ஜாம்ஷெட்பூர் கூட்டிட்டுப் போச்சு. 2019-ல் ஏ.டி.கே., அதே வருஷம் இந்தியச் சட்டை. 2020 மார்ச்சில் சென்னையினை 3-1-னு தோற்கடிச்சுக் கோப்பை வாங்கின ஏ.டி.கே. அணியில் அவரும் ஒருத்தர். என் அணி தோற்குது, என் மாவட்டத்துக்காரர் ஜெயிக்கிறார். அன்னைக்கு எந்தப் பக்கம் சிரிக்கிறதுன்னே தெரியலை. அதே வருஷம் நவம்பரில் புது சீசனின் முதல் ஆட்டம், தொடங்கி கால் மணி நேரம் ஆகுமுன் முழங்கால் போச்சு. சீசன் முழுக்க வெளியே.

இன்னொரு தேதியையும் சொல்லணும். சென்னையின் கோப்பை வாங்கின அதே 2017-18 சீசன் நடந்துட்டிருந்தபோதுதான், நவம்பர் 30, ஒக்கி வந்தது. கடலுக்குப் போன எத்தனையோ பேர் திரும்பலை. மேலே சொன்ன ஊர்களில்தான் இழப்பு அதிகம். அப்பாவோ அண்ணனோ போன வீட்டில் பதினாறு வயசுப் பையனுக்கு ஃபுட்பால் என்ன இடத்தில் இருக்கும்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

எங்க காலேஜ் டீமின் லெஃப்ட் பேக் வள்ளவிளைக்காரன். மெக்கானிக்கல், ஃபைனல் இயர். பந்து அவன்கிட்ட போனா எதிர் விங்கர் பாதி நம்பிக்கையை இழந்துடுவான். இந்த லிஸ்ட்டை அவன்கிட்ட காட்டினேன்.

"ஏ மக்கா, கடைசி ரவுண்டில் உன் பேரைப் போடட்டா?"

"போடு. ஆனா பட்டியல்ல இருந்தாத்தானடே எடுப்பான்? எம் பேரை எவன் எழுதியிருக்கான்?"

"நீ ஆடின ஆட்டத்துக்கெல்லாம் கணக்கு இருக்கும்லா?"

"கப்பு இருக்கு. கோயில் ஹால்ல அலமாரியில இருக்கு. வேற ஒண்ணும் இல்ல."

அதுதான் விஷயம். பத்து வருஷமா ஊர்த் திருவிழா டூர்னமென்ட், செவன்ஸ், காலேஜ் மேட்ச் எல்லாம் ஆடியிருக்கான். எத்தனை ஆட்டம், எத்தனை நிமிஷம், யாருக்கு எதிரா, ஒரு தாளில்கூட இல்லை. வீடியோ இருக்கு, ஆனா கோல் அடிச்ச பிறகு கூட்டம் கத்துறது மட்டும்தான் அதில் தெரியும். ஏ.ஐ.எஃப்.எஃப்.புக்கு சி.ஆர்.எஸ்.னு ஒரு ஆன்லைன் பதிவு முறை இருக்கு. அதில் பேரு ஏறணும்னா பதிவு பெற்ற ஒரு கிளப் வழியாப் போகணும். அந்தப் பதிவு எண் இல்லாதவன் எவ்வளவு நல்லா ஆடினாலும் கம்ப்யூட்டருக்கு அவன் பிறக்கவே இல்லை. நமக்குப் புரியுற மாதிரி சொன்னா, கட்-ஆஃப் 195 இருக்கு, ஆனா விண்ணப்பமே போடலை.

நாம கணிப்பு போடுறதெல்லாம் யாரோ எழுதி முடிச்ச பட்டியலில் இருந்துதான். அந்தப் பட்டியல் எழுதப்படும்போதே பாதி டிராஃப்ட் முடிஞ்சு போகுது. டாம் பிராடி 199-வது ஆளா வந்தாருன்னு ஆச்சரியப்படுறோம். அவர் மிச்சிகன் பல்கலைக்கழக அணியில் ஆடினவர், அவர் போட்ட ஒவ்வொரு பந்துக்கும் கணக்கு இருந்தது. அதனாலதான் 199-வதாவாவது வந்தார். வள்ளவிளைக்காரனுக்கு 2000-வது இடம்கூட கிடையாது.

ஆக, கடைசி ரவுண்டுக்கு என் கணிப்பு: தூத்தூர் கடற்கரையிலிருந்து யாரும் இல்லை. என் லிஸ்ட்டில் ரொம்ப உறுதியான கணிப்பு இதுதான், எனக்குப் பிடிக்காததும் இதுதான்.

லெஃப்ட் பேக்குக்கு கேம்பஸில் வேலை கிடைச்சாச்சு. ஜூனில் ஓசூரில் சேரணும். அவனைப் பத்தி இனி பெருசா ஒண்ணும் செய்ய முடியாது. ஆனா அவன் தம்பி பிளஸ் ஒன் படிக்கான், அண்ணனை விட வேகம்னு கேள்வி. அவனை மாதிரி இன்னும் முப்பது நாப்பது பேர் அந்தக் கடற்கரையில் இருப்பாங்க.

நம்மகிட்ட லேப்டாப் இருக்கு, ட்ரைபாட் இருக்கு, மேட்ச் டேட்டாவை வச்சு மினி புராஜெக்ட் பண்றேன்னு ஐரோப்பா லீக் எக்செல் ஷீட்டை டவுன்லோட் பண்ற கூட்டமும் இருக்கு. மான்செஸ்டர் சிட்டியின் பாஸ் கணக்கை எடுக்க ஏற்கெனவே ஆயிரம் பேர் இருக்காங்க. அடுத்த மாசம் கடற்கரையில் டூர்னமென்ட் தொடங்குது, ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்கள் நாலு மணிக்கு. முழு ஆட்டத்தையும் ரெக்கார்ட் பண்ணி, யார் எத்தனை நிமிஷம் ஆடினான், எத்தனை பந்தைப் பிடுங்கினான்னு ஒரு ஷீட்டில் ஏத்தப் போறோம். இப்போதைக்கு நாங்க மூணு பேர். ரெண்டு கேமரா இருக்கு, ரெண்டாவது ட்ரைபாட் இல்லை. யாரிடமாவது இருந்தா ஞாயிறு மதியம் ரெண்டு மணி பஸ்ஸுக்கு ஹாஸ்டல் கேட்டுக்கு எடுத்துட்டு வாங்க.