உரசிப் பார்த்த பொன்

கதை எழுதக் கற்பனை போதும் என்பர். வரலாற்றுக் கதைக்கோ அது போதாது. கண் நோகப் படிக்கவும் வேண்டும், கால் நோக நடக்கவும் வேண்டும். அப்படிப் படித்தவர், நடந்தவர், அங்கேரி நாட்டு எழுத்தாளர் கேசா கார்தோனி (1863–1922).

சிற்றூர்ப் பள்ளிகளில் ஆசிரியராயிருந்தவர் அவர் என்றறிந்தபோது, அதே தொழில் புரியும் நாம் கொண்ட உவகை பெரிது! 1897-இல் எகர் நகரில், பழங்கோட்டைக்கு அருகே குடியேறினார். 1552-இல் அக்கோட்டையைத் துருக்கிப் படை வளைத்தது. தளபதி இஸ்த்வான் தோபோவின் தலைமையில் ஏறத்தாழ 2,000 பேர் எதிர்த்து நின்றனர். படைவீரர் மட்டுமா? உழவரும் நின்றனர், பெண்டிரும் நின்றனர். 39 நாள் போருக்குப்பின், வந்த படை வந்த வழியே திரும்பிற்று.

இதனை நாவலாக்க முனைந்த கார்தோனி, போருக்கு மறு ஆண்டில் தினோதி எனும் பாணர் அதுபற்றி இயற்றிய பாட்டைப் படித்தார்; பழைய ஏடுகளைப் புரட்டினார். கதைமாந்தர் கான்ஸ்டான்டினோபிளின் ஏழு கோபுரச் சிறையை நாடிச் செல்லவேண்டும். ஆகவே 1899-இல் தாமே அங்குச் சென்று கண்டார். 1901-இல் 'எகர் விண்மீன்கள்' நூலாயிற்று. 2005-இல் அங்கேரி மக்கள் வாக்களித்து, தம் உள்ளங்கவர்ந்த நாவலாக அதனையே தேர்ந்தெடுத்தனர்.

இத்துணை உழைத்தும் ஒன்று எஞ்சியது. முற்றுகைப் படையை லட்சத்துக்கும் மேற்பட்டதாகக் காட்டுகிறது நாவல். பழைய ஏடுகளின் கணக்கு அது. பின்வந்த ஆய்வாளரோ 35,000 முதல் 40,000 வரைதான் என்கின்றனர். வகுப்பில் இதனைக் கூறினோம். மாணவன் ஒருவன் எழுந்து, "அப்படியானால் அவர்கள் வீரம் பொய்யா, ஐயா?" என்றான்.

கரும்பலகையில் கணக்கிட்டோம். 40,000-ஐ 2,000-ஆல் வகுத்தால் 20. "ஒருவருக்கு இருபது பேர்! போதாதா, தம்பி?" என்றோம். பையன் முகம் மலர்ந்தது. "இன்னொன்றும் கேள். 1596-இல் அதே கோட்டை துருக்கியர் வசமாயிற்று. நாவல் வெற்றியோடு நின்றுவிடலாம்; வரலாறு நிற்கக்கூடாது" என்றோம்.

ஆராய்ந்தால் முன்னோர் பெருமை அழியுமென்று அஞ்சுவோர் எந்நாட்டிலும் உளர். அவர்கள் நம்புவது முன்னோரையன்று, மிகையை! கிடைத்த சான்றைத் தேடிச் சென்றார் கார்தோனி; அடுத்த அடியை ஆய்வு வைத்தது. அதனால் எகர் மக்களின் வீரம் குன்றிற்றா? உரசிப் பார்த்த பொன் ஒளி குன்றுவதில்லை, தோழரே. உரசலுக்கு அஞ்சுவது பித்தளைதான்!