உட்கார்ந்து அடிக்கிறவன்

பறையை விட்டொழித்த சனம் நாங்கள். குறிஞ்சிப்பாடிக்கும் நெய்வேலிக்கும் நடுவில் இருக்கிற ஒரு காலனி, பேர் வேண்டாம். ஊர்த்தெருச் சாவுக்கு இனி அடிக்கப் போவதில்லை என்று எங்க தாத்தன் காலத்திலேயே பஞ்சாயத்தில் நின்று சொல்லிவிட்டார்கள். அது எங்களுக்கு மட்டும் தனியாக வந்த ரோஷமில்லை. காட்டுமன்னார்கோயில் இளையபெருமாள் தென்னார்க்காட்டுச் சேரிகளில் சாவு மேளம் அடிக்காதே என்று நடத்திய இயக்கத்தின் சூடு அது. தீண்டாமையைப் பற்றி 1969ல் அறிக்கை கொடுத்த குழுவுக்குத் தலைவராக இருந்தவரும் அதே இளையபெருமாள்தான். தில்லியில் கொடுத்த அறிக்கையைப் பற்றிப் படித்தவர்கள் பேசுகிறார்கள். இங்கே கிழவர்கள் பேசுவது பறையைக் கீழே வைத்த கதையை.

கீழே வைத்த பறைக்குப் பதில் என்ன வந்தது என்பதையும் நாம் பேசவேண்டும். டிரம் செட் வந்தது. ஸ்டீல் வளையம், பிளாஸ்டிக் தோல், கழுத்தில் மாட்டுகிற வார், வாடகைக்கு எடுத்த வெள்ளைச் சட்டை. அடிக்கிறவன் யாரென்று பார்த்தால் எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் அடுத்த ஊர்ச் சேரிப் பையன். வாத்தியம் மாறியது, கூப்பிடுகிற வாய் மாறவில்லை. 'டேய் டிரம்மு' என்றுதான் கூப்பிடுவான். ஆனாலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது, அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. டிரம் செட்டுக்கு ரேட்டு உண்டு. முன்பணம் உண்டு. வரமுடியாது என்று போனில் சொல்லமுடியும். தாத்தனுக்குக் களத்தில் அளந்து போட்ட நெல்லும் சாவு வீட்டுச் சில்லறையும்தான். வரமுடியாது என்ற சொல்லுக்கு அங்கே இடமே கிடையாது.

எங்க அண்ணன் மகன் இப்படித்தான் பதினாலு வயசில் செட்டுக்குப் போனான். இப்போது வடலூரில் பைக் மெக்கானிக் கடையில் வேலை. ராத்திரியில் ஆர்க்கெஸ்ட்ராவில் பெரிய டிரம்ஸ். இந்தப் பெரிய டிரம்ஸில்தான் பெடல் இருக்கிறது. தரையில் படுத்துக் கிடக்கிற பேஸ் டிரம்மை கையால் அடிப்பதில்லை. வலது காலால் பலகையை மிதித்தால் சங்கிலி இழுத்து, கட்டை போய்த் தோலில் விழும். ஸ்பிரிங் அதைத் திரும்ப இழுக்கும்.

இவனுக்குக் கால் சரியாக வரவில்லை. ஒற்றை அடி விழும், அடுத்தடுத்து ரெண்டு அடி வேண்டுமென்றால் ரெண்டாவது செத்துப்போகும். போனைச் செங்கல்லில் சாய்த்துவைத்து, காலை மட்டும் வீடியோ எடுப்பான். முகம் வராது, கையும் வராது. பண்ருட்டி, விருத்தாசலம், சிதம்பரம் பக்கத்துப் பையன்கள் பத்துப் பதினைந்து பேர் போனில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். எல்லாம் நம்ம தெருப் பிள்ளைகள். அதில் போடுவான். 'மச்சி குதிகால தூக்கி அடிக்கிற, இடுப்புல இருந்து வருது, வலிக்கும்'. 'ஸ்பிரிங்க ரெண்டு சுத்து லூஸ் பண்ணு'. 'முன்னாடி ஒரு அடி, காலை வழுக்கி இன்னும் முன்னாடி தள்ளி ரெண்டாவது அடி, எடுக்காத, வழுக்கு'. வெளிநாட்டு வீடியோக்களில் எல்லாரும் ஷூ போட்டிருக்கிறான். இவர்களுக்கு வெறுங்கால். வேர்த்தால் பலகை வழுக்குகிறது என்று உப்புத்தாளை வெட்டி ஒட்டிவைத்திருக்கிறான் ஒருவன். அந்த யோசனை ஒரு ராத்திரிக்குள் ஐந்து ஊருக்குப் போய்விட்டது. வாத்தியார் இல்லை, குருதட்சணை இல்லை. கட்டைவிரல் கேட்கவும் அங்கே ஆளில்லை.

எங்கப்பா சின்ன வயசில் தாத்தனிடம் அடி கற்றவர். பறையை விட்டபிறகு அதைப் பற்றி வாயே திறக்காதவர். ஒருநாள் பேரன் போனை வாங்கி அந்தக் கால் வீடியோவைப் பார்த்தார். மூணு தடவை பார்த்தார்.

'இன்னாடா இது, கட்டை போயி தோல்லயே ஒட்டிகினு நிக்குது?'

'அப்படித்தான் தாத்தா அமுத்துவாங்க.'

'அமுத்துனா சத்தம் செத்துடும்டா. அடிச்ச ஒடனே எடு. அடிக்குச்சி தோல்ல தங்கக்கூடாது. தோலு மூச்சு விடணும்.'

பறையில் ரெண்டு குச்சி. வலது கையில் குட்டையான கனத்த அடிக்குச்சி, இடது கையில் நீளமாக, மெல்லிசாக மூங்கில் சிண்டுக்குச்சி. நடுத்தோலில் அதிர்கிற கனத்த ஓசை அடிக்குச்சியின் வேலை. தாத்தனின் வலது கை செய்ததை இவனுடைய வலது கால் செய்கிறது, அவ்வளவுதான். அமுத்தி அடிப்பதும் ஒரு பாணிதான். அதை வேண்டுமென்றே செய்கிற பெரிய டிரம்மர்கள் இருக்கிறார்கள். ஆனால் ரெண்டாவது அடி வேண்டுமானால் முதல் அடி துள்ளித் திரும்பவேண்டும். அப்பா சொன்னதைக் கேட்டுக் குதிகாலைப் பலகையில் படியவைத்து, கணுக்காலை மட்டும் அசைத்துப் பழகினான். பத்து நாளில் ரெண்டாவது அடிக்கு உயிர் வந்தது. அடுத்த வீடியோவில் குழுவில் ஒருவன் கேட்டான், எந்தச் சேனல்ல மச்சி பாத்த என்று. எங்க தாத்தா சேனல் என்று இவன் பதில் போட்டான்.

இந்த டிரம்ஸும் வந்த வழி சாதாரணமில்லை. 1739ல் தெற்குக் கரோலினாவில் ஸ்டோனோ ஆற்றங்கரையில் கறுப்பு அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள், டிரம் அடித்து ஆள் சேர்த்தார்கள். அடுத்த வருஷமே அடிமைகள் டிரம் வைத்திருக்கக்கூடாது என்று வெள்ளைக்காரன் சட்டம் போட்டான். அங்கே அடிக்காதே என்று அடித்தான், இங்கே அடி என்று அடித்தான். பின்னால் நியூ ஆர்லியன்ஸ் கறுப்பு இசைக்காரர்கள் கையில் பல டிரம்கள் ஒரே ஆளுக்கு என்று சேர்ந்து உருவானதுதான் இந்தச் செட். வேகமாக மிதிக்கத் தோதான பெடலை 1909ல் சிகாகோவில் லுட்விக் சகோதரர்கள் செய்து விற்க ஆரம்பித்தார்கள். பெடல் வருவதற்கு முன்னால் ஒரே ஆள் பேஸ் டிரம்மையும் சின்ன டிரம்மையும் கையாலேயே மாற்றி மாற்றி அடித்துக்கொண்டிருந்தான்.

தமிழ் எம்.ஏ. படித்தவளுக்குப் பறையைப் பற்றிச் சொல்லித் தராமலில்லை. தொல்காப்பியம் கருப்பொருளில் பறையை வைக்கிறது, குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, பாலைக்குத் துடி என்று பிரித்துச் சொல்கிறார்கள். பரீட்சையில் எழுதினேன், மதிப்பெண் வந்தது. (எங்கள் குறிஞ்சிப்பாடியில் மலையும் கிடையாது, குறிஞ்சியும் கிடையாது. தறியும் முந்திரியும்தான்.) வகுப்பில் தொண்டகப்பறை என்றால் பெருமை, தெருவில் பறை என்றால் வசவு. இப்போது மேடைதோறும் பறை ஆதித்தமிழன் இசை என்கிறார்கள். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் தலித் பெண்கள் பறையை எடுத்து அடித்ததையும், 2018 ஜனவரியில் சென்னையில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு பறையையும் டிரம்ஸையும் ஒரே மேடையில் வைத்ததையும், மதுரை வேலு ஆசானுக்கு 2025ல் பத்மஸ்ரீ அறிவித்ததையும் நான் சந்தோஷத்தோடுதான் பார்க்கிறேன். அவர்கள் எடுத்தது தானாக எடுத்தது. ஆனால் சாவுக்குப் போக மறுத்து அடிவாங்கிய கிழவனிடம் போய், பாரம்பரியத்தை விட்டுட்டீங்களே பெரியவரே என்று வருத்தப்படுகிற தமிழறிஞரைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. விட்டதும் எங்கள் உரிமை. எடுப்பதும் எங்கள் உரிமை.

பெடலில் இன்னொரு விஷயம் இருக்கிறது. பறையை நின்றுதான் அடிக்கவேண்டும், இல்லை பாடைக்கு முன்னால் நடந்து. கழுத்தில் மாட்டுகிற டிரம்மும் அப்படித்தான். எங்க தாத்தன் வாழ்நாள் முழுக்க ஊர்க்காரன் முன்னால் உட்கார்ந்ததில்லை. பெடலுக்குக் கால் வேண்டும். கால் வேண்டுமென்றால் உட்கார்ந்தே ஆகவேண்டும்.

போன ஆவணியில் ஒரு கல்யாண வரவேற்பு. யார் வீடு, எந்த மண்டபம் என்பதெல்லாம் வேண்டாம். அன்றைக்கும் இவன் பெடலுக்குப் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு அடித்துக்கொண்டிருந்தான். அந்த வீடியோவை நானும் பார்த்தேன். கால் மட்டும்தான் தெரிகிறது. மூணாவது பாட்டு நடுவில் ஒரு குரல் கேட்கிறது.

'பெரியவங்க நாங்க நிக்கிறோம், இவன் ஸ்டூலு போட்டு உக்காந்துகினு இருக்கான். எவன்டா இவன், எந்தத் தெரு? எழுந்து நின்னு அடிக்கச் சொல்லு.'

ஆர்க்கெஸ்ட்ராக்காரர் குனிந்து இவனிடம் சொல்கிறார். 'கொஞ்ச நேரம் நின்னு அடிச்சிடுடா, சாப்பிடப் போயிடுவாரு.'

'நின்னா கிக் விழாதுண்ணே. உக்காந்தாதான் அடிக்க முடியும். இல்லன்னா நான் அடிக்கல.'

அதன்பிறகு வீடியோவில் நாலு நிமிஷம் ஒன்றும் நடப்பதில்லை. கீபோர்டு மட்டும் மெலிசாக ஓடுகிறது. கால் பெடல்மேல் அசையாமல் இருக்கிறது. எழுந்திருக்கவில்லை. கீழே ஆடிக்கொண்டிருந்த பையன்கள், அந்தப் பெரியவர் வீட்டுப் பையன்களாகத்தான் இருக்கவேண்டும், டிரம்ஸ் எங்கடா, டிரம்ஸ் போடுடா என்று கத்துகிறார்கள். பெரியவர் குரல் மறுபடி கேட்கவில்லை. கால் அசைகிறது, பாட்டு தொடர்கிறது.

அன்றைக்குப் பேசிய பணத்தில் ஐந்நூறு ரூபாய் குறைத்துக் கொடுத்தார்கள். அந்தக் குழு அதற்கப்புறம் இவனைக் கூப்பிடவில்லை. ஐப்பசி முகூர்த்தம் பூராவும் ராத்திரி வீட்டில்தான் இருந்தான்.

வீடியோவை வெட்டாமல் குழுவில் போட்டான். விருத்தாசலத்துப் பையன் ஒருவன் முதலில் பாட்டு ஓடுகிற பகுதியைப் பற்றித்தான் பேசினான், ரெண்டாவது அடி இப்போ முதல் அடிக்குச் சமமா விழுது மச்சி என்று. அதற்குப் பிறகு ஒவ்வொருவனாகத் தன் கதையைச் சொன்னான். ஒருவனை ஸ்டூலை எடுத்துவிட்டுத் தரையில் உட்காரச் சொன்னார்களாம். இன்னொருவன் வாசித்து முடித்ததும் ஸ்டூலைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார்களாம். நான் அந்தக் குரல் பதிவுகளை உட்கார்ந்து எழுதி வைத்துக்கொண்டிருக்கிறேன். பதினொன்று சேர்ந்திருக்கிறது.

இவன் இப்போது வேறு குழுவில். ரெண்டு காலாலும் மிதிக்கிற இரட்டைப் பெடல் வேண்டுமாம், சிதம்பரத்தில் ஒருவன் பழசு விற்கிறான். இடது காலுக்கு மெட்டு வர ஆறு மாசம் ஆகும் என்கிறான். இப்போதைக்குப் பெடல் இல்லாமல், திண்ணையில் உட்கார்ந்து தரையைக் குதிகாலால் தட்டிக்கொண்டிருக்கிறான். பக்கத்தில் அப்பா தொடையில் தாளம் போட்டு எண்ணுகிறார்.