திருத்திய யந்திரமும் கொடுத்த வாக்கும்

பொருள் கைமாறியவுடன் விற்றவன் பொறுப்புத் தீர்ந்துவிடுவதில்லை என்பது இக்காலத்து வாணிக முறை. பெருவிலைப் பொருள்களை விற்போர் வாங்குவோர்க்கு ஒரு பத்திரம் எழுதிக் கொடுக்கின்றனர். இத்தனை வருஷத்திற்குள், இத்தனை மைல் ஓடுவதற்குள், செய்பொருளிலோ செய்திறனிலோ குறை காணப்படுமாயின், தாமே செலவிட்டுச் செப்பனிட்டுத் தருவதாக அதன்கண் வாக்களிக்கின்றனர். வாரண்டி என்று யாவரும் வழங்குவது இதனையே. வாங்கியவன் அப்பொருளின் உள்ளமைப்பைத் தன் விருப்பப்படி மாற்றிவிடுவானாயின், அவ்வாக்கு நிற்குமா, வீழுமா? அமெரிக்க ஐக்கிய நாட்டில் டிரக் வைத்திருப்போர் நடுவே இவ்வினா ஓயாது எழுந்து வருவது. நாம் டெக்ஸாஸ் மாகாணத்தில் எம் தமக்கையார் மகன் இல்லத்தில் சில மாதம் தங்கியிருந்த காலத்து, இத்தகைய வழக்கொன்று அடுத்த வீட்டிலேயே நிகழக் கண்டோம். அதனாற் பிறந்த ஆர்வமே இக்கட்டுரைக்குக் காரணம்.

டிரக் என்றவுடன் நம் சாலைகளிற் செல்லும் பத்துச் சக்கரச் சரக்கு லாரியை எண்ணலாகாது. அந்நாட்டார் அச்சொல்லாற் பெரும்பாலும் குறிப்பது, முன்னே குடும்பத்தார் அமரும் அறையும் பின்னே திறந்த தட்டும் உடைய பிக்கப் வண்டியையேயாம். உழவரும் தச்சரும் கட்டட வேலைக்காரரும் அதனைக் கைக்கருவிபோல் வைத்துள்ளனர். அவற்றுட் பெரியவை டீசலில் ஓடுவன. குதிரைகளையும் வைக்கோற் கட்டுகளையும் ஏற்றிய டிரெய்லரைப் பின்னே பூட்டி இழுத்துச் செல்வன. அத்தகைய டீசல் யந்திரங்களுக்கு ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ், ராம் ஆகிய மூன்று கம்பெனியாரும் பல்லாண்டுகளாக வழங்கிவந்த உத்தரவாதம், 5 வருஷம் அல்லது 1,00,000 மைல், இவற்றுள் எது முந்துகிறதோ அதுவரை.

டீசல் யந்திரத்தில் எண்ணெயைப் பற்றவைக்கத் தீப்பொறி வேண்டுவதில்லை. உருளைக்குள் காற்றை மிக இறுக்கி, அதனாற் பிறக்கும் வெப்பத்திலே எண்ணெயைப் பீச்சியவுடன் அது தானே எரியும். எவ்வளவு எண்ணெய், எந்த நொடியில், எவ்வளவு அழுத்தத்தோடு என்பனவே யந்திரத்தின் வலிமையையும் ஆயுளையும் அறுதியிடுவன. முற்காலத்தில் இவற்றைப் பற்சக்கரமும் வில்லும் நடத்தின. இப்பொழுது ஒரு சிறு கணிப்பொறி நடத்துகின்றது. 2001-ஆம் ஆண்டு மாடலில் ஜெனரல் மோட்டார்ஸின் டூராமாக்ஸ் யந்திரம் காமன் ரெயில் என்னும் முறையோடு பிக்கப் வண்டிகளில் வந்தது. பிறரும் அம்முறையைக் கைக்கொண்டனர். அதுமுதல், கணிப்பொறிக்குள் எழுதப்பட்ட எண் அட்டவணைகளே யந்திரத்தை ஆளலாயின. ஸ்டியரிங்குக்குக் கீழேயுள்ள துவாரத்தில் ஒரு கருவியைச் செருகி, அந்த அட்டவணைகளை மாற்றி எழுதுவதே டியூனிங் எனப்படுவது. திருகு ஒன்றையும் கழற்ற வேண்டுவதில்லை. சில நிமிஷங்களில் வண்டிக்கு 100 குதிரைசக்தி கூடிவிடுதலும் உண்டு.

அந்த 100 குதிரைசக்தி எங்கிருந்து வருகின்றது? யந்திரம் செய்தவர் அறியாமல் விட்டுவைத்த செல்வம் அன்று அது. சித்திரை வெயிலில், முழுச் சுமையோடு, நெடிய மலையேற்றத்தில், மாற்றவேண்டிய நாள் கடந்த எஞ்சின் ஆயிலோடு ஓட்டுபவன் ஒருவன் எங்கேனும் இருப்பான் என்றெண்ணி, அவன் பொருட்டு அவர் ஒதுக்கிவைத்த சேமிப்பு. அதனை எடுத்துச் செலவிட்டால் வெறும் வண்டியாக ஓடும்போது யாதொரு கேடும் தோன்றாது. சுமை ஏறியவுடன் புகைக்குழாயின் வெப்பம் உயரும். பிஸ்டனின் தலை உருகுதலும், ஹெட் காஸ்கெட் பிதுங்குதலும், டர்போ பழுதாதலும் நேரக்கூடும். யந்திரம் தாங்கினும் அதற்கடுத்த கியர் பெட்டி தாங்கவேண்டுமே! அதனைக் காக்கும்பொருட்டு, கியர் மாறும் கணத்தில் யந்திரத்தின் திருகுவிசையைச் சற்றே குறைக்கும்படி கம்பெனியார் அட்டவணையில் எழுதி வைத்திருப்பர். டியூன் செய்வோர் சிலர், வண்டி துள்ளிப் பாயவேண்டும் என்று அதனையும் நீக்கிவிடுகின்றனர்.

எம் அண்டை வீட்டார் கூலிக்கு டிரெய்லர் இழுப்பவர். விளையாட்டுக்காக வண்டியைத் திருத்தும் இளைஞர் வகுப்பினர் அல்லர். மேட்டு நிலத்தில் சுமை இழுக்கும்போது வண்டி திணறுகிறதென்று கண்டு, விளம்பரத்தை நம்பி டியூன் வாங்கினார். இருபது மாதம் நன்றாகவே ஓடிற்று. அறுபதினாயிரம் மைலளவில் கியர் பெட்டி கெட்டது. அவர் பழைய அட்டவணையை மீண்டும் கணிப்பொறியில் எழுதிவிட்டு, ஒன்றும் அறியாதவர்போல் டீலரின் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுசென்றார். அங்குள்ளோர் கியர் பெட்டியைத் திறவாமலே, கணிப்பொறியை மட்டும் வாசித்து, உத்தரவாதம் இல்லை என்று கூறிவிட்டனர். அறுபதினாயிரம் மைல் ஓடிய வண்டியின் கணிப்பொறியோ, தன்மேல் எழுதப்பட்ட பின்னர்ச் சாவி ஒன்பது முறையே திருப்பப்பட்டது என்று சாட்சி சொல்லிற்றாம்! இரண்டு மாதம் கழித்து ஏ.ஸி. கம்ப்ரஸர் நின்றது. அதற்கும் அதே விடை: வண்டியின் உத்தரவாதம் முழுவதும் ரத்து.

இவ்விரண்டு மறுப்பும் ஒன்றுபோலத் தோன்றினும் ஒன்றல்ல. அவற்றின் வேற்றுமையை அறிவிப்பது 1975-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் நாள் ஜனாதிபதி ஜெரால்டு ஃபோர்டு கையொப்பமிட்ட மாக்னுஸன்-மாஸ் வாரண்டிச் சட்டம். செனட்டர் வாரன் மாக்னுஸன், பிரதிநிதி ஜான் மாஸ் ஆகிய இருவர் பெயராலும் அது வழங்குகின்றது. உத்தரவாதம் கொடுத்தே தீரவேண்டும் என்று அச்சட்டம் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை; கொடுப்பதாயின் தெளிவாகக் கொடு என்பதே அதன் கட்டளை. அதனுள் ஒரு பிரிவு, இன்ன கம்பெனியின் உறுப்பையே, இன்னார் பட்டறையையே பயன்படுத்தினால்தான் உத்தரவாதம் என்று நிபந்தனை விதிப்பதைத் தடுக்கின்றது. அவ்வுறுப்பையோ வேலையையோ இலவசமாகத் தந்தாலும், அரசாங்கக் கமிஷனிடம் தனி அனுமதி பெற்றாலும் மட்டுமே விலக்குண்டு. 2018-இல் ஃபெடரல் டிரேட் கமிஷன் ஆறு கம்பெனிகளுக்கு இதுபற்றி எச்சரிக்கை அனுப்பிற்று. 2022-இல் ஹார்லி-டேவிட்ஸன் மோட்டார் சைக்கிள் கம்பெனியின்மீதே நடவடிக்கை எடுத்தது.

ஆகவே, பிறர் செய்த உறுப்பு வண்டியில் இருக்கிறது என்ற ஒன்றைக்கொண்டு உத்தரவாதம் முழுவதும் அழிந்துவிடாது. அவ்வுறுப்பால், அல்லது அத்திருத்தத்தால், இப்பழுது நேர்ந்தது என்று கம்பெனி காட்டவேண்டும். எண்ணெய் அட்டவணைக்கும் ஏ.ஸி. கம்ப்ரஸருக்கும் யாது தொடர்பு? எம் அண்டை வீட்டார் இச்சட்டத்தின் பெயரைக் குறிப்பிட்டு, மறுப்பின் காரணத்தை எழுத்தில் தருமாறு கேட்டுக் கடிதம் விடுத்தார். பத்து நாளில் புதிய கம்ப்ரஸர் வந்தது. கியர் பெட்டியோ வரவில்லை.

கியர் பெட்டி விஷயத்தில் கம்பெனியார் சொல்லில் நியாயம் உண்டென்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் பெட்டியைத் திறந்து, எந்தத் தட்டு எரிந்தது, எந்த உறுப்பு முறிந்தது என்று காணாமலே தீர்ப்புக் கூறியதை நாம் ஒப்புக்கொள்ள இயலவில்லை. அதே வகைக் கியர் பெட்டி திருத்தாத வண்டிகளிலும் கெடுவதுண்டன்றோ? காரணம் காட்டும் பாரம் கம்பெனியின்மீது என்று ஏட்டில் இருக்கின்றது. ஆனால் வண்டி நிற்பது வாங்கியவன் வாசலில். நாள்தோறும் கூலி போவது அவனுக்கே. வென்றால் வக்கீல் கட்டணத்தையும் எதிரியிடமிருந்து பெறலாம் என்று அச்சட்டமே இடந்தருகின்றது. எனினும் வெல்லுமட்டும் அவன் என்ன செய்வான்? எம் அண்டை வீட்டார் இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கடன் வாங்கித் தாமே பெட்டியை மாற்றிக்கொண்டார். தாம் பழைய அட்டவணையை எழுதி மறைக்க முயன்றதனால், வழக்குச் சென்றாலும் தம் சொல் ஏறாது என்று வக்கீல் உரைத்ததாகவும் கூறினார்.

இக்காலத்துக் கணிப்பொறிகள் மறப்பதில்லை. ஒவ்வோர் அட்டவணைக்கும் காலிபிரேஷன் வெரிஃபிகேஷன் நம்பர் என்றோர் எண் உண்டு. அட்டவணையில் ஓரிலக்கம் மாறினும் இவ்வெண் மாறும். இது காற்று மாசுச் சோதனைக்காக ஏற்பட்டது. இன்று வாரண்டி வழக்குகளிலும் சாட்சிக் கூண்டேறி நிற்கின்றது. டூராமாக்ஸ் யந்திரத்தையோ அதனோடு பொருந்திய அல்லிஸன் கியர் பெட்டியையோ மாற்றுமுன் இவ்வெண்ணை ஒத்துப்பார்த்துப் படமும் எடுத்து அனுப்புமாறு ஜெனரல் மோட்டார்ஸ் தன் டீலர்களுக்கு அறிவுறுத்தியிருக்கின்றது. கார்களிலும் இவ்வழக்கம் உண்டு. வோக்ஸ்வாகன், ஆடி வண்டிகளின் பதிவில் டி.டி.1 என்ற குறி விழுந்தால் உரியவர்க்கு உறக்கம் கெடும்.

புகைச் சுத்திகரிப்பு உறுப்புகளை நீக்கும் டியூன் இவற்றினும் வேறானது. அது வாரண்டியோடு நில்லாது, நேரே சட்டவிரோதம். புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டியையும், நைட்ரஜன் ஆக்ஸைடுகளை அடக்கும் அமைப்பையும் கழற்றிவிட்டு, அவை இருப்பதாகவே கணிப்பொறியை நம்பச்செய்வது அது. 2020-இல் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் காப்பு நிறுவனம் வெளியிட்ட அறிக்கையின்படி, அதற்கு முந்திய பத்தாண்டில் 5,50,000-க்கு மேற்பட்ட டீசல் பிக்கப் வண்டிகள் இவ்வாறு கெடுக்கப்பட்டன. அவை தம் ஆயுட்காலத்தில் அளவுக்கு மீறி வெளியிடும் நைட்ரஜன் ஆக்ஸைடு 5,70,000 டன்னுக்கு மேல். கெடுக்கப்படாத 90 லட்சம் வண்டிகள் புதிதாகச் சாலைக்கு வந்ததற்கு ஒப்பு. அவ்வகை வண்டிக்காரர் மாக்னுஸன்-மாஸ் என்று உரைப்பதை நாம் கேட்டிருக்கிறோம். நகைப்பே வந்தது.

டியூன் விற்போரும் அச்சட்டத்தின் பெயரைத் தம் விளம்பரங்களில் முழக்குகின்றனர். சட்டம் உங்களைக் காக்கும், அஞ்சற்க என்கின்றனர். பாதி உண்மை. ஏ.ஸி. கம்ப்ரஸரைக் காக்கும், கியர் பெட்டியைக் காக்குமா என்பது நியாயஸ்தலத்தில் தெரியவேண்டியது. கலிஃபோர்னியா மாகாணத்துக் காற்று வாரியம் சோதித்து உத்தரவு எண் வழங்கிய டியூன்களும் சில உண்டு. அவ்வெண் புகைச் சட்டத்திற்கு விடையே அன்றி வாரண்டிக்கு விடையன்று என்பதையும் விற்போர் எடுத்துரைப்பதில்லை. கம்பெனியாரே தம் பெயரால் விற்றுத் தம் டீலரைக்கொண்டு பொருத்தும் திருத்தங்கள் உத்தரவாதத்தோடு வருவதுண்டு. வலிமை அவற்றிற் குறைவு, விலை மிகுதி.

இன்னொருவனைப் பற்றியும் ஒரு சொல். உத்தரவாதம் வண்டியைப் பின்பற்றி அடுத்த உரிமையாளனுக்குச் செல்லும். டீலர் பதிவில் விழுந்த தடையும் அவ்வாறே செல்லும். பழைய வண்டி வாங்குபவன், மைல் கணக்கைப் பார்த்து இன்னும் நாற்பதினாயிரம் மைலுக்கு உத்தரவாதம் மிச்சம் என்று மகிழ்வான். முன்னவன் எழுதியதும் அழித்ததும் அவனுக்குத் தெரியாது. வண்டியின் 17 எழுத்தும் எண்ணும் கொண்ட அடையாளக் குறியை டீலரிடம் கொடுத்தால், தடை உண்டா இல்லையா என்று பார்த்துச் சொல்லுவர். கட்டணம் கேட்பது அரிது. எம் அண்டை வீட்டார் அவ்வண்டியை விற்ற அன்று, வாங்க வந்த இளைஞரைத் தாமே டீலரிடம் அழைத்துச் சென்று அப்பதிவை வாசிக்கச் செய்தார். விலை மூவாயிரம் டாலர் குறைந்தது.