மச்சமும் தழும்பும்

நுழையும்முன்

பிறக்கும்போதே நம்மோடு வரும் குறிகள் சில. வாழும்போது வந்து சேரும் குறிகள் சில. அவற்றை எந்தக் கண்ணால் காண்கிறோம், எந்தச் சொல்லால் அழைக்கிறோம் என்பதைத் தம் மகளின் குழந்தைப் பருவத்தைக் கொண்டு ஓர் ஆசிரியை இப்பாடத்தில் எடுத்துரைக்கிறார்.

மாணவச் செல்வங்களே! உங்கள் கைகளையும் கால்களையும் ஒருமுறை உற்று நோக்குங்கள். எங்கேனும் ஒரு மச்சம் இருக்கும். முழங்காலிலோ முழங்கையிலோ, மிதிவண்டியிலிருந்து விழுந்த நாளை நினைவூட்டும் தழும்பு ஒன்றும் இருக்கும். மச்சம் தானே தோன்றுவது. தழும்பு ஒரு நிகழ்ச்சி விட்டுச் சென்றது. என் மகள் நான்கு வயதை எட்டுமுன்பே, பிறப்பின் குறி ஒன்றையும் விபத்தின் குறி ஒன்றையும் பெற்றுவிட்டாள்.

அவள் பிறந்தபோது முகத்தில் எக்குறியும் இல்லை. இரண்டு வாரங்கள் கழித்து, இடக் கன்னத்தில் கொசு கடித்தாற்போன்ற செம்புள்ளி ஒன்று தென்பட்டது. கொசுக்கடியாயின் மறுநாள் மறைந்திருக்கும். இதுவோ நாளுக்கு நாள் வளர்ந்தது. மூன்றாம் மாதத்தில் ஒரு பெரிய நாவற்பழ அளவுக்குப் பருத்து, செக்கச் சிவந்து நின்றது. அவள் அழும்போது அதன் சிவப்பு இன்னும் மிகும்.

அப்போது நாங்கள் தில்லியில் இராமகிருஷ்ணபுரத்தில் குடியிருந்தோம். குழந்தையைக் காண வந்தவர்கள் முதலில் அவள் கன்னத்தையும் பிறகு என் முகத்தையும் பார்த்தார்கள். "கிரகணத்தன்று வெளியே சென்றாயா?" என்று ஊரிலிருந்து தொலைபேசியில் ஓர் உறவினர் வினவினார். "கருவுற்றிருந்தபோது எதையேனும் கண்டு அஞ்சி, கன்னத்தில் கை வைத்தாயா?" என்றார் மற்றொருவர். அண்டை வீட்டு வடநாட்டுப் பெண்மணியும் ஏறத்தாழ அதே வினாவை இந்தியில் கேட்டார். மொழி மாறினாலும் வினா மாறவில்லை. எல்லா வினாக்களுக்குள்ளும் ஒரே தீர்ப்பு ஒளிந்திருந்தது: தாய் ஏதோ செய்துவிட்டாள், அதனால் பிள்ளைக்கு இது வந்தது.

குழந்தை மருத்துவர் அந்தத் தீர்ப்பைச் சில நிமிடங்களில் தள்ளுபடி செய்தார். நுண்ணிய இரத்த நாளங்களின் உயிரணுக்கள் ஓரிடத்தில் மிகையாகப் பெருகுவதால் உண்டாகும் கட்டி இது என்றார். பிறந்த சில வாரங்களில் தோன்றும். முதல் ஐந்தாறு மாதங்கள் விரைந்து வளரும். பிறகு வளர்ச்சி அடங்கி, ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லச் சுருங்கும். கிரகணத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. தாயின் அச்சத்துக்கும் உணவுக்கும் தொடர்பில்லை.

"கண்ணுக்கு அருகிலோ மூக்கின்மேலோ உதட்டின்மேலோ வந்திருந்தால் உடனே மருத்துவம் தேவைப்படும். பார்வையையோ மூச்சையோ பாலருந்துவதையோ அது தடுக்கக்கூடும். கன்னத்தில் இருப்பதால் நாம் காத்திருக்கலாம். மாதந்தோறும் கொண்டு வாருங்கள்" என்றார்.

அவரிடம் கேட்டறிந்த செய்தி ஒன்று இன்றும் எனக்கு வியப்பூட்டுகிறது. பிரான்சு நாட்டில் போர்தோ நகர மருத்துவர்கள், இதய நோயுள்ள குழந்தை ஒன்றுக்குப் புரோப்ரனலால் என்னும் மருந்தைக் கொடுத்தார்கள். இதயத்திற்காகக் கொடுத்த அம்மருந்தால் குழந்தையின் முகத்திலிருந்த இரத்தநாளக் கட்டி சுருங்குவதைக் கண்டார்கள். அதனை 2008ஆம் ஆண்டு உலகுக்கு அறிவித்தார்கள். அதன்பின் இத்தகைய கட்டிகளுக்கான மருத்துவமே மாறிவிட்டது. மருத்துவரின் மேற்பார்வையில் மட்டுமே தரவேண்டிய மருந்து அது. என் மகளுக்கு அது தேவைப்படவில்லை. எங்களுக்கு எழுதித் தரப்பட்ட மருந்து பொறுமை ஒன்றுதான்.

பிறந்தநாள்தோறும் அவளை நிழற்படம் எடுத்து வைத்தோம். முதல் படத்தில் செந்நிறம்; இரண்டாவதில் நடுவே சாம்பல் பூத்தாற்போன்ற வெண்மை; மூன்றாவதில் மேடு தணிந்து, வெளிர்சிவப்பாகச் சுருங்கிய தோல். நாள்தோறும் பார்த்த எங்களுக்குப் புலப்படாத மாற்றம், படங்களை வரிசையாக வைத்தபோது புலப்பட்டது.

மூன்று வயது நிறைந்தபின் வந்த சனவரியில் இரண்டாம் குறி நேர்ந்தது. பொங்கலை முன்னிட்டு வீட்டுக்கு விருந்தினர் வந்திருந்தனர். தில்லியின் கடுங்குளிரில் இஞ்சி தட்டிப் போட்ட தேநீர் அப்போதுதான் கொதித்து இறங்கியிருந்தது. தாழ்வான மேசைமீது கோப்பைகள் இருந்தன. ஓடிவந்த குழந்தை கால் இடறி, விழாமலிருக்க மேசைவிரிப்பின் நுனியைப் பற்றினாள். கோப்பை ஒன்று கவிழ்ந்து, தேநீர் முழுவதும் அவள் வலப்பாதத்தில் கொட்டியது.

அந்த அலறலுக்குப் பின் வீடு முழுவதும் குரல்கள் எழுந்தன. "பற்பசை தடவுங்கள்" என்றது ஒரு குரல். "மஞ்சள்தூள் கொண்டு வாருங்கள்" என்றது மற்றொன்று. "மாவைக் கரைத்து ஊற்றுங்கள்", "பனிக்கட்டி எங்கே?" என்று ஆளுக்கொரு மருத்துவம் கூறினர். அனைவரும் அன்பினால்தான் கூறினர்.

அப்போது எதிர்வீட்டுப் பஞ்சாபி மூதாட்டி உள்ளே வந்தார். அவரைக் குடியிருப்பு முழுவதும் 'பீஜி' என்றே அழைக்கும். அவருடைய கணவர் தீயணைப்புத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். பீஜி ஒருவரிடமும் எதுவும் கேட்கவில்லை. குழந்தையைத் தூக்கிச் சென்று குளியலறைக் குழாயடியில் அமர்த்தினார். "கொலுசைக் கழற்று, கால் வீங்கிவிட்டால் கழற்ற வராது" என்று என்னிடம் கூறிவிட்டு, குழாயைத் திறந்தார். பாதத்தின்மேல் தண்ணீர் மெல்லிய தாரையாக ஓடியது. குளிர் வாட்டாதிருக்கக் குழந்தையின் உடலைக் கம்பளியால் போர்த்தினார். ஐந்து நிமிடங்களில் நான் குழந்தையை எடுக்க முயன்றபோது, "இன்னும் ஆகவில்லை" என்று தடுத்தார். கடிகாரத்தைப் பார்த்து, முழுமையாக 20 நிமிடங்கள் அவ்வாறே வைத்திருந்தார். பின்னர்த் தூய வெண்துணியால் பாதத்தைத் தளர்வாக மூடி, எங்களோடு மருத்துவமனைக்கும் வந்தார்.

"யார் தண்ணீரில் வைத்தது?" என்று அங்கிருந்த மருத்துவர் கேட்டார். பீஜியைச் சுட்டிக்காட்டினோம். "இந்த அம்மா செய்ததுதான் சரியான முதலுதவி. குழந்தைகளின் தோல் பெரியவர்களின் தோலைவிட மெல்லியது. சூடு விரைவில் ஆழத்துக்கு இறங்கிவிடும். ஓடும் தண்ணீர் அந்தச் சூட்டைத் தணிக்கும். பற்பசையும் மாவும் மஞ்சளும் புண்ணில் ஒட்டிக்கொள்ளும். கிருமி சேரவும் இடமாகும். பனிக்கட்டியோ தோலை மேலும் கெடுக்கும். கொப்புளத்தை ஒருபோதும் உடைக்காதீர்கள்" என்றார். மாணவர்களே, இதனை நீங்களும் நினைவில் கொள்ளுங்கள். என்றேனும் ஒருநாள் ஒரு குழந்தையைக் காக்க இது உதவும்.

புண் மூன்று வாரங்களில் ஆறியது. வலக் கணுக்காலுக்குக் கீழே, கொலுசு படியும் இடத்தில், ஓர் இலை வடிவில் தழும்பு நின்றது. அதன்பின் அவள் அந்தக் காலில் கொலுசு அணிய மறுத்தாள். இடக்காலில் மட்டும் ஒலியெழ நடந்தாள்.

உடலின் வலி மூன்று வாரங்களில் நீங்கிற்று. அடுத்த வலி பள்ளியில் காத்திருந்தது. மழலையர் வகுப்பில் சேர்ந்த சில மாதங்களில் வகுப்பு நிழற்படம் ஒன்று வீட்டுக்கு வந்தது. எல்லாக் குழந்தைகளும் கைகட்டி அமர்ந்திருக்க, என் மகள் மட்டும் இடக்கையால் கன்னத்தைப் பொத்தியிருந்தாள். "பல் வலித்ததா?" என்று கேட்டேன். அவள் தலையசைத்து மறுத்தாள். பிறகு தமிழும் இந்தியும் கலந்த தன் மழலையில் கேட்டாள்: "அம்மா, என் முகத்தில் ஏன் 'தாக்' இருக்கிறது? எல்லாரும் என்னைத் 'தாக்வாலி' என்று கூப்பிடுகிறார்கள்."

இந்தியில் 'தாக்' என்றால் கறை. துணியில் படிந்தால் துவைத்து நீக்கவேண்டிய அழுக்கு. நான்கு வயதுக் குழந்தைகள் தம் வீட்டில் கேட்ட சொல்லைத்தான் கூறியிருப்பார்கள். அதில் வஞ்சம் இருந்திராது. ஆயினும் அந்தச் சொல்லைக் கேட்டபின் அவள் தன் கன்னத்தைத் துடைக்கத் தொடங்கியிருந்தாள். முகம் கழுவும்போதெல்லாம் அந்த ஓரிடத்தை மட்டும் அழுத்தி அழுத்தித் தேய்த்தாள். அதைக் கண்டபோது எனக்கு ஒன்று தெளிவாயிற்று. இவளுக்கு இப்போது வேண்டியது மருந்தன்று, வேறொரு சொல்.

அன்றிரவு அவளைச் சாளரத்தருகே அழைத்துச் சென்று நிலவைக் காட்டினேன். அதில் கருமையாகத் தெரிவது என்ன என்று கேட்டேன். "தாக்" என்றாள். "தமிழில் அதற்கு மறு என்று பெயர். மறு இருப்பதால் நிலவை யாராவது துடைக்கச் சென்றார்களா?" என்றேன். அவள் சிரித்தாள். நம் ஊரில் நற்பேறு உடையவரை 'மச்சக்காரர்' என்று அழைப்பதைக் கூறினேன். இந்தியிலும் எள்ளைக் குறிக்கும் 'தில்' என்னும் சொல்லே மச்சத்தையும் குறிப்பதைக் கூறினேன். கன்னத்தில் ஓர் எள் ஒட்டியிருப்பதாக நினைத்து அவள் மேலும் சிரித்தாள்.

பிறகு அவள் காலைத் தொட்டு, கரிகாலன் கதையைச் சொன்னேன். சோழ மன்னன் கரிகாலன் இளமையில் தீயிலிருந்து தப்பியபோது அவன் கால் கருகியது என்றும், அதனாலேயே அப்பெயர் பெற்றான் என்றும் வழிவழியாகக் கூறுவர். அந்தக் காலோடுதான் அவன் நாடாண்டான். காவிரியின் குறுக்கே கல்லணையைக் கட்டியவன் என்று இன்றளவும் மக்கள் அவனைப் போற்றுகிறார்கள். பொருநராற்றுப்படையும் பட்டினப்பாலையும் அவனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டவை. கருகிய கால் அவனுக்கு இழிவாகவில்லை, பெயராயிற்று.

மறுநாள் அவள் வகுப்பில் என்ன கூறினாளோ, நான் அறியேன். மாலையில் அழைத்துவரச் சென்றபோது, நான்கைந்து சிறுவர்கள் வாயிலில் அவளைச் சூழ்ந்து நின்றிருந்தார்கள். அவளோ காலணியையும் காலுறையையும் கழற்றிவிட்டு, வெறுங்காலை நீட்டிக்கொண்டிருந்தாள். "ராஜாவின் கால் இப்படித்தான் இருக்குமா?" என்று ஒருவன் இந்தியில் ஐயம் கேட்டுக்கொண்டிருந்தான்.

அன்றே எல்லாம் மாறிவிட்டதாக நான் கூறமாட்டேன். 'தாக்வாலி' என்னும் சொல் அவ்வப்போது திரும்பி வந்தது. வந்த நாள்களில் அவள் வாடினாள். திருக்குறளின் அடக்கமுடைமை அதிகாரத்தில், தீயால் வந்த காயத்தைப் புண் என்றும் சொல்லால் வந்ததை வடு என்றும் வள்ளுவர் வேறுபடுத்துவார். வகுப்பறையில் பல ஆண்டுகள் நடத்திய பாடந்தான். ஒரே குழந்தையிடம் இரண்டையும் கண்டபோதுதான், அவர் ஏன் இரு சொற்களைத் தேர்ந்தார் என்பது எனக்கு விளங்கிற்று.

ஆண்டுகள் சென்றன. கன்னத்தின் செம்மை மங்கி, இன்று அருகில் வந்து பார்த்தால் மட்டும் தெரியும் மெல்லிய சுவடாக நிற்கிறது. சென்ற கோடையில் இடமாற்றத்திற்காகப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். பழைய கோப்பு ஒன்றிலிருந்து, தமிழ்நாட்டில் நான் படித்த பள்ளியின் மாற்றுச் சான்றிதழை அவள் எடுத்தாள். அதில் 'அங்க அடையாளங்கள்' என்னும் தலைப்பின்கீழ் இரு வரிகள் இருந்தன. ஒன்று: வலப்புறக் கழுத்தில் ஒரு மச்சம். இரண்டு: இடது முழங்காலில் ஒரு தழும்பு.

"அம்மா, அரசாங்கமே மச்சமும் தழும்பும் கேட்கிறதா?" என்று வியந்தாள். நாங்கள் படித்த காலத்தில், ஆசிரியர் ஒவ்வொருவராக அழைத்து, கையிலும் கழுத்திலும் மச்சத்தைத் தேடி எழுதியதைக் கூறினேன். எளிதில் தெரியும் அடையாளம் இல்லாதவர்களே அன்று கவலையோடு நின்றார்கள். அவள் அந்தத் தாளை நெடுநேரம் பார்த்தாள். அழகு என்றோ குறை என்றோ அதில் ஒரு கட்டமும் இல்லை. இவர் இன்னார் என்று அறிய உதவும் குறி எது என்பதே அது கேட்ட ஒரே வினா.

மாணவர்களே, நீங்கள் ஆண்டுதோறும் புதிய ஊர்களையும் புதிய வகுப்புத் தோழர்களையும் காண்பவர்கள். உங்கள் வகுப்பிலும் முகத்தில் மச்சத்தோடு ஒருவர் இருக்கலாம். கையில் தீத்தழும்போடு ஒருவர் இருக்கலாம். வெண்திட்டுகளோடு ஒருவர் இருக்கலாம். அவர்களை முதன்முதலில் காணும்போது, "இது என்ன?" என்று கேட்காதீர்கள். "உன் பெயர் என்ன?" என்று கேளுங்கள். நட்பு வளர்ந்தபின் அவர்களே தம் குறியின் கதையைக் கூறுவார்கள், கூறாவிட்டாலும் குறையில்லை. அக்குறி உங்களிடமே இருந்தால், அதனைப் பொத்திக்கொள்ள வேண்டா. பிறர் தரும் பெயரை ஏற்கவும் வேண்டா. தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. உங்களுக்கு உகந்ததை நீங்களே தேர்ந்துகொள்ளுங்கள்.

புதிய ஊருக்கு வந்த முதல் வாரம், என் மகள் கடைவீதியில் ஓர் இணைக் கொலுசு வாங்கித் தருமாறு கேட்டாள். இப்போது இரண்டு கால்களிலும் ஒலி கேட்கிறது.

சொல்லும் பொருளும்

மறு – நிலவில் தோன்றும் கருநிறப் பகுதி. உடலில் தோன்றும் குறி
வடு – ஆறாது நிற்கும் சுவடு
தாரை – இடைவிடாத ஒழுக்கு
நற்பேறு – நல்வாய்ப்பு
சாளரம் – பலகணி
இழிவு – தாழ்வு

கற்பவை கற்றபின்

1. தீப்புண்ணுக்குப் பீஜி செய்த முதலுதவியை வரிசைப்படுத்தி எழுதுக.
2. 'இவளுக்கு இப்போது வேண்டியது மருந்தன்று; வேறொரு சொல்' – இத்தொடரை விளக்குக.
3. மச்சம், மறு, தழும்பு, வடு ஆகியவற்றைத் தனித்தனித் தொடர்களில் அமைத்து எழுதுக.
4. உங்கள் தாத்தா அல்லது பாட்டியிடம் அவர்தம் தழும்பு ஒன்றின் கதையைக் கேட்டு, பத்து வரிகளில் எழுதுக.