மண்டபத்துப் பாசி வயல்

இராமேசுவர யாத்திரிகர்கள் ரயில் ஜன்னல் வழியே ஒரு கணம் பார்த்துவிட்டுக் கடந்து போகும் மண்டபத்தில், பாவ்நகரைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய உப்பு, கடல்சார் இரசாயன ஆராய்ச்சி நிறுவனம் பாசி ஆராய்ச்சி நிலையம் ஒன்றை நடத்தி வருகிறது. அதன் காரியங்களை நேரில் காணும் விருப்பத்துடன் அங்கே சென்றிருந்தேன்.

குளிரூட்டிய அறையொன்றில், வெள்ளை விளக்கொளியின் கீழ் வரிசையாக வைத்த கண்ணாடிக் குடுவைகளுக்குள், வடிகட்டிச் சுத்தம் செய்த கடல்நீரில், விரற்கடை அளவே உள்ள பாசித் துளிர்கள், மெல்லிய குழாய் வழியே வரும் காற்றுக் குமிழிகளால் ஓயாமல் புரண்டுகொண்டிருந்தன. இவை காப்பாஃபைகஸ் என்னும் செம்பாசி இனம். ஐஸ்கிரீமையும் பற்பசையையும் கெட்டிப்படுத்தும் காரஜீனன் என்ற பொருள் இதிலிருந்து கிடைக்கிறது. பிலிப்பைன்ஸைத் தாயகமாகக் கொண்ட இப்பாசி 1984-இல் ஜப்பானிலிருந்து சௌராஷ்டிரக் கரைக்கு வந்து, பல பரிசோதனைகளுக்குப் பின் மண்டபத்தை அடைந்தது. 2000-ஐ ஒட்டிப் பெப்சி கம்பெனி ஒப்பந்த முறையில் இதன் வளர்ப்பை ஊக்குவித்தபடியால், கரையோர ஜனங்கள் இதைப் 'பெப்சிப் பாசி' என்றே அழைக்கத் தொடங்கினார்கள்.

ஆயினும் ஆராய்ச்சியின் பலன் ஜீவனமாக மாறும் இடம் பாக் விரிகுடாவின் கரைதான். அங்கே ஓலைப் பந்தலின் நிழலில் உட்கார்ந்து, கயிற்றில் விதைப்பாசி கட்டிக்கொண்டிருந்த பெண்களிடம் நெடுநேரம் நின்றேன். மூன்று மீட்டர் சதுரமான மூங்கில் மிதவை ஒன்றுக்கு இருபது கயிறுகள். ஒவ்வொரு கயிற்றிலும் கைப்பிடியளவுக் கொத்துகள் இருபது. ஆக மிதவை ஒன்றுக்கு ஏறத்தாழ 60 கிலோ விதை. ஓரா முதலிய மீன்கள் மேய்ந்துவிடாதபடி அடியில் வலை விரித்துக் கடலில் நங்கூரமிட்டால், பருவம் வாய்த்த காலத்தில் 45 நாட்களில் அது நான்கு பங்காகப் பெருகுகிறது. "இறுக்கினா பாசி அறுந்துபோகும் ஐயா, தளரவிட்டா அலை கொண்டுபோயிரும்" என்று சொல்லிக்கொண்டே, முகத்தை நிமிர்த்தாமல், ஒரு மூதாட்டி அடுத்த முடிச்சைப் போட்டார். விரல் நுனிகள் உப்பில் வெளுத்துத் தோல் சுருங்கியிருந்தன. எந்த யந்திரமும் இன்னும் கைக்கொள்ளாத இந்த நிதானம், விஞ்ஞானிகளின் குடுவைகளுக்குச் சற்றும் குறையாத கலை என்பதே என் அபிப்பிராயம்.

இவர்களில் பலர் முன்பு விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, தீவுகளைச் சூழ்ந்த பாறைகளில் மூழ்கி மரிக்கொழுந்துப் பாசி பறித்தவர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இல் தேசியப் பூங்காவின் எல்லைக்குள் வந்தபின் அத்தொழிலுக்கு இடம் சுருங்கியது. அந்நிய இனமான காப்பாஃபைகஸ் குருசடைத் தீவின் பவளங்களின்மேல் படர்ந்ததை ஆய்வாளர்கள் கண்டு எச்சரித்திருப்பதால், அதை அங்கே பரவவிடாமல் காப்பதும், சுதேசிப் பாசிகளை வளர்க்கும் வழி காண்பதும் அவசியமான கடமைகளே.

கடல்நீர் அதிகம் சூடேறும் கோடையில் பயிர் வெளுத்து மடிகிறது. அடுத்த பருவத்துக்கு விதையின்றிப் பெண்கள் கைகட்டி நிற்க நேரிடுகிறது. நல்ல விதையைக் கரையிலேயே பேணி, பருவம் தொடங்குமுன் அதை இலவசமாக இவர்கள் கையில் சேர்ப்பதற்குரிய பொருளைச் சர்க்கார் ஆண்டுதோறும் தவறாமல் ஒதுக்க வேண்டும்.